பாட்டியின் கார்ப்பெட் பிரிவு: குடும்ப அறைகலன் கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1937-இல் ரோஸ் பிளம்கின் 500 டாலர் முதலீட்டில் தொடங்கிய நெப்ராஸ்கா பர்னிச்சர் மார்ட், குடும்பமாக அறைகலன் வியாபாரம் செய்வோர் தங்கள் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று.

கையில் பணம் இறுகும்போது சரக்கை அடைகாத்துக்கொண்டு, நல்ல விலை வரட்டும் என்று கடனை நீட்டிப்பது முதல் தவறு. சோபாவும் கட்டிலும் பெரிய இடத்தை அடைப்பவை. நிற்கும் ஒவ்வொரு மாதமும் வாடகையைத் தின்னும். 1950-இல் வியாபாரம் மந்தமாகிக் கொள்முதல் பாக்கி கழுத்தை நெரித்தபோது, பிளம்கின் 50,000 டாலரைக் குறுகிய காலக் கடனாகப் பெற்றார். உடனே ஒமாஹாவின் பெரிய அரங்கை வாடகைக்கு எடுத்து, மூன்றே நாளில் 2,50,000 டாலருக்குச் சரக்கை விற்றுக் கடனை அடைத்தார்.

அவரே சறுக்கிய இடம் வேறு. குடும்பக் கடைகளில், யாருடைய பேச்சு எந்தப் பிரிவில் இறுதியானது என்பதை எழுதி வைக்க எல்லோருக்கும் கூச்சம். பெரியவர் இருக்கும்போது அதைப் பேசுவதே மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். கார்ப்பெட் பிரிவு பிளம்கினின் தனி ராஜ்ஜியமாக இருந்தது. நிர்வாகத்தில் வளர்ந்துவிட்ட பேரன்கள் அதிலும் தலையிட, 1989-இல் தமது 95-ஆம் வயதில் அவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். கோபம் வீட்டோடு நிற்கவில்லை. பழைய கடையின் அருகிலேயே புதுக் கடை திறந்து, தாம் வளர்த்த கடையின் வாடிக்கையாளர்களையே இழுக்கத் தொடங்கினார். பேரன்கள் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் பொறுப்பு கைமாறும் விதத்தை முன்கூட்டியே பேசி எழுதியிருந்தால், சண்டை கடைத்தெருவரை வந்திருக்காது.

வெளியார் பங்கு வாங்கும்போது நேரும் தவறும் இதே கதையில் இருக்கிறது. 1983-இல் இக்கடையின் பெரும்பங்கை வாங்கிய அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், குடும்பத்தின் மீதிருந்த நம்பிக்கையால் சரக்கைக்கூடக் கணக்கெடுக்கவில்லை. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை என்பது உண்மைதான். எனினும், 89 வயதான பிளம்கின் இனி எங்கே போட்டிக் கடை போடப்போகிறார் என்ற நினைப்பிலோ என்னவோ, போட்டியாகத் தொழில் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியை அவரிடம் எழுதி வாங்காமல் விட்டார். 1992-இல் அந்தப் புதுக் கடையையும் விலைகொடுத்து வாங்க நேர்ந்தபோதுதான், நூறை நெருங்கிக்கொண்டிருந்த பிளம்கினிடம் அந்த உறுதிமொழியில் கையெழுத்து பெற்றார்.