ஒலிக் குறுந்தகட்டை ஒரு பிட் கூடப் பிசகாமல் நகலெடுக்கும் முறை

என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த கர்நாடக இசைக் குறுந்தகடுகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பு கணினிக்கு மாற்றியபோது, கையில் இருந்த ஏதோ ஒரு மென்பொருளைக் கொண்டு கோப்புகளாக்கி, ஒருமுறை கேட்டுப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தகடுகளைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன். பின்னொரு நாள் அவற்றில் ஒரு தகட்டை மறுபடியும் நகலெடுத்து இரண்டு நகல்களையும் ஒப்பிட்டபோதுதான் அவை ஒன்றாக இல்லை என்பது தெரிந்தது. எது சரியான நகல் என்று காதால் சொல்ல முடியவில்லை. வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த உழைப்பு மற்றவர்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணினிக் கோப்புகள் உள்ள தகட்டை நகலெடுக்கும்போது வராத இந்தச் சிக்கல் ஒலித்தகட்டில் மட்டும் ஏன் வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஒலித்தகட்டில் ஒரு நொடிக்கு 75 செக்டர்களும் (தரவின் சிறு துண்டுகள்), ஒவ்வொரு செக்டரிலும் 2,352 பைட்டுகளும், அதாவது இடம், வலம் என இரு பக்க ஒலிக்குமான 588 சாம்பிள்களும் (ஒலியின் அளவை ஒரு கணத்தில் குறிக்கும் எண்கள்) உள்ளன. கோப்புத் தகட்டில் இதே அளவுள்ள செக்டரில் 2,048 பைட்டுகளே தரவுக்கு ஒதுக்கப்பட்டு, மீதியில் பெரும்பகுதி பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் குறியீடுகளுக்கு விடப்பட்டிருக்கிறது. ஒலித்தகட்டில் அந்தக் கூடுதல் அடுக்கு கிடையாது. ரீட்-சாலமன் என்ற அடிப்படையான பிழைதிருத்த முறை மட்டுமே உண்டு. கீறல் அதன் எல்லையைத் தாண்டிவிட்டால், முன்னும் பின்னும் உள்ள சாம்பிள்களை வைத்து இடையில் இருந்திருக்கக்கூடிய மதிப்பைத் தகட்டைப் படிக்கும் கருவியே உத்தேசமாக நிரப்பிவிடும். கோப்புத் தகடு கெட்டால் நகலெடுப்பே நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். ஒலித்தகடு கெட்டாலோ நகலெடுப்பு நிற்காமல் முடிந்துவிடுவதால், பிழை நேர்ந்ததே பெரும்பாலும் தெரியாமல் போகிறது.

ஆகவே சரியான நகல் என்பது நன்றாக ஒலிக்கும் நகல் அல்ல, சரியென்று சோதித்து உறுதிசெய்யப்பட்ட நகலே ஆகும். அதற்கென்றே உருவான மென்பொருள்களில், விண்டோசில் இயங்கும் எக்சாக்ட் ஆடியோ காப்பியை நான் பயன்படுத்துகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரே வீதாஃப் என்பவர் எழுதிய இது இலவசமாகக் கிடைக்கிறது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் எக்ஸ்எல்டியையும், லினக்சில் இருப்பவர்கள் விப்பரையும் நாடலாம்; அமைப்புகளின் பெயர்கள் மாறினாலும் செய்ய வேண்டியவை ஏறத்தாழ இவையே.

தகட்டைத் தூய்மைப்படுத்துவதை அலட்சியம் செய்ய வேண்டாம். மெல்லிய, நார் உதிராத துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் வழியாகவே நீண்டு, தொடர்ச்சியான தரவை அழித்து, திருத்தத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தை மட்டுமே காப்பாற்றப் பார்க்கிறார்கள். உண்மையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம், படம் அச்சிட்ட மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சு ஒன்றின் கீழேயே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறிவிட்டால் மீட்க வழியில்லை.

மென்பொருளில், பிழையைத் தேடிப் படிக்கும் செக்யூர் மோடைத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒவ்வொரு செக்டரும் குறைந்தது இருமுறை படிக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் 16 முறை படித்து, அவற்றில் 8 முறை ஒரே விடை கிடைத்தால்தான் அது ஏற்கப்படுகிறது. ஆனால் பல ட்ரைவ்கள் (தகட்டைப் படிக்கும் கருவிகள்) ஒருமுறை படித்ததைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மறுமுறை கேட்கும்போது தகட்டைத் தொடாமலே அதையே எடுத்து நீட்டிவிடும். அப்படியானால் எத்தனை முறை ஒப்பிட்டாலும் பிழை பிழையோடுதான் ஒப்பிடப்படும். ஆகையால் ட்ரைவ் ஒலித்தரவை நினைவகத்தில் சேமிக்கிறதா என்று சோதித்து, சேமிக்குமானால் மென்பொருளில் அதற்கான அமைப்பைக் கட்டாயம் இயக்கிவிட வேண்டும். படிக்கும்போது நேர்ந்த பிழைகளை ட்ரைவே தெரிவிக்கும் சி2 பிழைத் தகவல் என்ற அமைப்பை நான் அணைத்தே வைக்கிறேன். அதில் எல்லா ட்ரைவ்களையும் நம்ப முடியாது. ஒலி அளவைச் சமன்செய்வது, தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள மௌனத்தை நீக்குவது ஆகிய வசதிகள் இரண்டும் அணைந்திருக்க வேண்டும், ஏனெனில் அவை தரவையே மாற்றுபவை.

அடுத்தது ஆஃப்செட், அதாவது படிக்கத் தொடங்கும் இடத்தின் விலகல். ஒலித்தகட்டின் முகவரிக் குறிப்பு துல்லியமற்றது என்பதால், ஒவ்வொரு ட்ரைவ் வகையும் சில சாம்பிள்கள் முன்னதாகவோ பின்னதாகவோ படிக்கத் தொடங்குகிறது. இந்த விலகல் ஒரே வகை ட்ரைவில் எப்போதும் மாறாதிருப்பதால் எளிதில் சரிசெய்யலாம். +6, +30, +667 போன்ற மதிப்புகளை அடிக்கடி காணலாம். 30 சாம்பிள் என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு, காதுக்குப் பொருட்டல்ல. ஆயினும் இதைச் சரிசெய்யாவிட்டால் பாடல்களின் எல்லைகள் நகர்ந்துவிடும், பிறருடைய நகல்களோடு ஒப்பிடவும் முடியாமல் போய்விடும். பலர் எடுத்த நகல்களின் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து வைக்கும் அக்யூரேட்ரிப் தரவுதளத்தில் ட்ரைவ் வகைவாரியாக இந்த மதிப்புகள் தொகுக்கப்பட்டுள்ளன. பலரும் வாங்கிய புகழ்பெற்ற தகடு ஒன்றை இட்டால் மென்பொருளே ஒப்பிட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

நகலெடுக்கும் முன், பாடல்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைக் கண்டறியச் செய்து, கியூ ஷீட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடலும் எங்கே தொடங்குகிறது, இடைவெளி எவ்வளவு என்பதையெல்லாம் இந்தச் சிறிய உரைக்கோப்பு பதிவுசெய்கிறது. கச்சேரிப் பதிவுகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது. ராகம் ஒரு பாடலாகவும் தானம் அடுத்ததாகவும் பல்லவி அதற்கடுத்ததாகவும் பிரிக்கப்பட்டிருந்தாலும் தம்புராவின் சுருதி இடையில் அறுவதில்லை. இடைவெளிகளைத் தவறாகக் கையாண்ட நகலில் ஒவ்வொரு எல்லையிலும் அந்தச் சுருதி அறுந்து ஒட்டும். குறுந்தகடு வெளிவந்த தொடக்க ஆண்டுகளின் தகடுகள் சிலவற்றில், உயர் சுரங்களை மிகுத்துப் பதிவுசெய்து ஒலிக்கும்போது குறைத்துக்கொள்ளும் முறை கையாளப்பட்டது; அதற்கான குறிப்பும் கியூ ஷீட்டில்தான் வரும்.

பின்னர், வெறும் நகலெடுப்பைத் தேர்ந்தெடுக்காமல், சோதித்து நகலெடுக்கும் கட்டளையைக் கொடுங்கள். நேரம் இரட்டிப்பாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடலும் இருமுறை முழுமையாகப் படிக்கப்பட்டு, இரண்டுக்குமான சரிபார்ப்பு எண்கள் (தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்கள்) லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதப்படும். அவ்விரண்டும் ஒன்றாக இருப்பது நல்ல அறிகுறி. அதைவிட வலுவான சான்று அக்யூரேட்ரிப்பின் ஒப்பீடு: வேறு ஊரில், வேறு ட்ரைவில், அதே தகட்டின் வேறொரு பிரதியிலிருந்து யாரோ எடுத்த நகலும் உங்களுடையதும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே மாதிரி பிழைபட்டிருக்க வாய்ப்பு மிக அரிது. தரவுதளத்தில் இல்லாத அரிய தகடாக இருந்தால், வேறு வகையைச் சேர்ந்த இன்னொரு ட்ரைவில் மறுபடி நகலெடுத்து ஒப்பிடுவதே சிறந்த வழி.

எண்கள் ஒத்துவராத பாடலை உடனே கைவிட வேண்டாம். மீண்டும் துடைத்துப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், ட்ரைவை மாற்றுங்கள். ஒரு ட்ரைவ் திணறும் இடத்தை இன்னொன்று எளிதாகப் படித்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிழை சிறிதாக இருந்து, அதே தகடு கியூடூல்ஸ் என்ற மற்றொரு தரவுதளத்தில் இருக்குமானால், அங்குள்ள மீட்புத் தரவைக் கொண்டு விடுபட்ட சாம்பிள்களை உத்தேசமாக அல்லாமல் மெய்யாகவே திருத்திக்கொள்ளலாம்.

சேமிக்க ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவமே போதும். எம்பி3 தரவை இழப்பது. ஃபிளாக் ஒரு பிட்டையும் இழக்காமல் ஏறத்தாழ பாதி அளவுக்குச் சுருக்குகிறது. அதில் 0 முதல் 8 வரையுள்ள சுருக்க நிலைகள் கோப்பின் அளவையும் நேரத்தையும் மட்டுமே மாற்றும், ஒலியை அல்ல. மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் ஒவ்வொரு கோப்பினுள்ளும் பொதிந்திருப்பதால், பத்து ஆண்டுகள் கழித்தும் கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்க முடியும். பாடல், ராகம், கலைஞர் விவரங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். ஃபிளாக்கின் குறிப்புகள் யூனிகோடில் அமைந்தவை, எழுத்துகள் சிதையா.

கோப்புகளிலிருந்து மறுபடியும் வெற்றுத் தகட்டில் எழுத விரும்பினால், கியூ ஷீட்டைத் திறந்து, முழுத் தகட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடல் பாடலாக எழுதினால் இடையில் இரண்டு நொடி மௌனம் புகுந்துவிடும். ஃபிளாக் கோப்புகள், கியூ ஷீட், லாக், உறையின் வருடுபடம் ஆகிய நான்கையும் தகட்டுக்கு ஒன்றாக ஒரே அடைவில் வைத்து, அந்த அடைவை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் சேமியுங்கள். லாக் கோப்பை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். அந்த நகல் எந்த ட்ரைவில், எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.