கமாண்டரில் மூன்று பேரையும் ஒரே டர்னில் வீழ்த்தும் ஸ்பெல் காப்பி காம்போ

மேஜிக் த கேதரிங் சீட்டு விளையாட்டின் கமாண்டர் வகை ஆட்டத்தில் வழக்கமாக எதிரே மூன்று பேர், ஆளுக்கு 40 லைஃப். ஆளாளாக அடித்து 120-ஐக் கரைப்பதற்குள் யாராவது டேபிளையே துடைத்துவிடுவார்கள். சிவப்பு டெக்கில் இதற்கு நல்ல வழி, மனா கீசர், ரீஇட்டரேட் என்ற இரண்டு கார்டுகள்.

மனா கீசருக்கு 5 மனா (கார்டு போட ஆகும் சக்தி) செலவு. எதிராளிகளிடம் டேப் ஆகியிருக்கும் (பயன்படுத்திச் சாய்த்து வைத்த) லேண்ட், அதாவது மனா தரும் கார்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு மனா தரும். தங்கள் டர்னில் அவர்கள் டேப் செய்தவை உங்கள் டர்னிலும் அப்படியே கிடக்கும். மூன்று எதிராளிகள் இருப்பது இங்கே உங்களுக்கு லாபம். ரீஇட்டரேட் இன்னொரு ஸ்பெல்லைக் காப்பி எடுக்கும். அதை பைபேக்கோடு (கூடுதல் மனா கட்டி, வேலை முடிந்ததும் கார்டைக் கைக்கே திரும்ப வாங்குவது) போட 6 மனா. ஆகத் தொடங்க 11 மனா வேண்டும். எதிரே டேப் ஆன லேண்ட் குறைந்தது 7 இருக்க வேண்டும். 6 மட்டும் இருந்தால் சுற்று ஓடும், மனா சேராது.

கீசரைப் போட்டதும் "பிரயாரிட்டி என்னிடமே" (அடுத்த ஸ்பெல்லையும் நானே போடுகிறேன்) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அதைக் குறிவைத்து ரீஇட்டரேட்டை பைபேக்கோடு போடுங்கள். ரீஇட்டரேட் கைக்குத் திரும்பும். கீசரின் காப்பி ரிசால்வ் ஆகி (நிறைவேறி) மனா தரும். அசல் கீசர் ஸ்டாக்கிலேயே (ஸ்பெல்கள் நிறைவேறக் காத்திருக்கும் வரிசை) இருக்கும். அதையே மறுபடி காப்பி எடுங்கள். 9 லேண்ட் டேப் ஆகியிருந்தால் சுற்றுக்கு 3 மனா மிச்சம். போதுமான அளவு சேர்ந்ததும், அதே ஃபேஸ் (டர்னின் ஒரு பகுதி) முடிவதற்குள், குறி ஒவ்வொன்றுக்கும் எக்ஸ் அளவு டேமேஜ் தரும் காமெட் ஸ்டார்ம்: எக்ஸுக்கு 40, அடிப்படைச் செலவு 2, மல்டிகிக்கர் (கூடுதல் குறி ஒன்றுக்கு 1 மனா) இரண்டு முறை, மொத்தம் 44. யாருக்காவது லைஃப் 40-ஐத் தாண்டியிருந்தால் எக்ஸை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

கெடுவது பெரும்பாலும், இன்னொரு ஸ்பெல்லை ரத்து செய்யும் கவுன்ட்டர்ஸ்பெல்லால்தான். அசல் கீசரை யாராவது கவுன்ட்டர் செய்தால் மேலே இருக்கும் ரீஇட்டரேட்டுக்குக் குறி இல்லாமல் போகும். ரிசால்வ் ஆனால்தான் பைபேக் வேலை செய்யும் என்பதால், அது கைக்கு வராமல் கிரேவ்யார்டுக்கு (பயன்படுத்திய கார்டுகளின் குவியல்) போய்விடும். ஒரு ஸ்பெல்லின் குறியை மாற்றும் டிஃப்ளெக்டிங் ஸ்வாட் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். உங்கள் கமாண்டர் (டெக்கின் தலைமைக் கார்டு) களத்தில் இருந்தால் அதற்குச் செலவே இல்லை. கவுன்ட்டரின் குறியை ஸ்வாட் மேலேயே திருப்புங்கள். ஸ்வாட் ஸ்டாக்கை விட்டுப் போனதும் கவுன்ட்டர் வீணாகும். அதைப் போட அவர் லேண்ட் டேப் செய்திருந்தால், அடுத்த காப்பியில் அந்த மனாவும் உங்களுக்கே.

மனா குறைவாக இருந்தால் டுவல்காஸ்டர் மேஜும் (களத்தில் இறங்கும்போது ஒரு ஸ்பெல்லைக் காப்பி எடுக்கும் கிரீச்சர், அதாவது உயிரினக் கார்டு) ட்வின்ஃப்ளேமும் (ஒரு கிரீச்சரின் நகலை டோக்கனாக இறக்கும் ஸ்பெல்). மொத்தம் 5 மனாதான். உங்கள் கிரீச்சர் ஏதாவது ஒன்றின் மேல் ட்வின்ஃப்ளேமைப் போட்டு, அது ஸ்டாக்கில் இருக்கும்போதே ஃபிளாஷில் (எந்த நேரத்திலும் இறக்க விடும் திறன்) மேஜை இறக்குங்கள். காப்பியின் குறியை மேஜ் மேல் மாற்றுங்கள். வரும் டோக்கன் ஒவ்வொன்றும் இன்னொரு காப்பி எடுக்கும். எத்தனை டோக்கன் என்று எண் சொல்லி, கடைசிக் காப்பியின் குறியை மட்டும் மாற்றாமல் பழைய கிரீச்சர் மேலேயே விடுங்கள், சுற்று நிற்கும். அந்த டோக்கன்களை வைத்து அதே டர்னில் தாக்கலாம். முதல் மேஜை உடனே கொன்றாலோ, கிரீச்சர் இறங்கும்போது வேலை செய்யும் திறன்களைத் தடுக்கும் டார்ப்பர் ஆர்ப் களத்தில் இருந்தாலோ காம்போ முடிந்தது. யாரிடமாவது ப்ரோபகாண்டா இருந்தால், தாக்கும் கிரீச்சர் ஒவ்வொன்றுக்கும் 2 மனா கட்டாமல் அவரைத் தாக்க முடியாது. இம்பாக்ட் ட்ரெமர்ஸ் முன்பே களத்தில் இருந்தால் தாக்கவே வேண்டாம்: டோக்கன் ஒன்று இறங்கும்போதெல்லாம் மூவருக்கும் தலா 1 டேமேஜ்.