பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை: பழைய சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

300 ரூபாய்க்கு வாங்கிய டிரில் மெஷினுக்கு ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) மாற்ற 900 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால், அதன் விலை 1,200. பழைய சாமான் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். 300-ஐ 250 ஆக்குவதற்குக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். மெஷினில் பிட் மாட்டும் 'சக்' பகுதியைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்க்க மாட்டார்கள்.

சென்னை பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் இந்தச் சந்தை, ஆங்கிலேயர் காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது. இன்று காய்கறி, கருவாடு, பூச்செடி, துணிமணிக்கு நடுவே பழைய கேமரா, ஸ்பேனர், மிக்ஸி, பீங்கான் ஜாடி, நாணயம், கதவு, கட்டில் என்று எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். பில் கிடையாது, வாரண்டி கிடையாது. அதே ஆள் அடுத்த வாரம் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார் என்ற உறுதியும் கிடையாது.

நேரமும் போணியும்

பதினொரு மணிக்கு மேல் போவது முதல் தவறு. வெயிலையும் கூட்டத்தையும் விடுங்கள். வாங்கி விற்கும் ஆட்கள் மூட்டை பிரிக்கும்போதே வந்து நல்லதைப் பொறுக்கிவிடுவார்கள். 7.30, 8 மணிக்குள் போய்விட வேண்டும். மின்சார ரயிலில் பல்லாவரம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். காரை எடுத்துக்கொண்டு போனால் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிக் காலை போய்விடும்.

சீக்கிரம் போவதில் ஒரு சிக்கல் உண்டு: போணி. முதல் வியாபாரம் ஆகாத கடையில் விலை கேட்டு, பத்து நிமிடம் பேரம் பேசி, வாங்காமல் நகர்ந்தால் அந்த மனுஷன் அன்றைக்கு உங்களிடம் நல்ல முகம் காட்ட மாட்டார். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்காதீர்கள். நீங்களே ஒரு தொகை சொல்லி அவர் ஒத்துக்கொண்டால் வாங்கியே ஆக வேண்டும், அது சந்தை வழக்கம். இதையே திருப்பிப் போட்டால் லாபம்: போணி நேரத்தில் நியாயமான தொகையைச் சொன்னால் மதியத்தைவிடச் சுலபமாகப் படியும்.

"ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு வந்து வாங்கலாம்" என்பது ஸ்பேனர், தட்டு, டம்ளர் மாதிரி பத்துக் கடையில் கிடைக்கும் பொருளுக்குச் சரி. ஒன்றே ஒன்று கிடக்கும் பொருளுக்கு அது பொருந்தாது. திரும்பி வரும்போது அது இருக்காது.

பையில் இருக்க வேண்டியவை: சின்ன மல்டிமீட்டர், காந்தம், டார்ச், இன்ச் டேப், பென்சில் பேட்டரி இரண்டு, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, பழைய செய்தித்தாள், துணிப்பை. பணத்தை 10, 20, 50, 100 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே பலரிடம் உண்டு. ஆனால் 120 ரூபாய்க்கு அடித்துப் பேசிவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் பேசியதெல்லாம் வீண்.

மின்கருவிகள்: பணம் அதிகம் போகும் இடம்

டிரில், கிரைண்டர் மாதிரியான கருவிகளை வெளித்தோற்றம் பார்த்து எடைபோடக் கூடாது. மேலே பெயின்ட் அடித்துப் புதிதுபோல் ஆக்குவது எளிது. முதலில் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து முகருங்கள். கருகிய வார்னிஷ் வாடை அடித்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் (வைண்டிங்) போயிருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். அடுத்து 'சக்' பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை. கடகடவென்று ஆடினால் பேரிங் அல்லது ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றும்போது கரகரப்பு வந்தாலும் அதேதான்.

பிறகு மல்டிமீட்டர். பிளக்கின் (எர்த் பின் தவிர்த்த) இரண்டு பின்களிலும் முனைகளை வைத்து, சுவிட்சை அழுத்திப் பிடித்து மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். வீட்டு டிரில்லுக்குச் சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை காட்ட வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் ஷார்ட். ஒன்றுமே காட்டவில்லை என்றால் பலர் பயந்து வைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், சுவிட்ச் போயிருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மூன்றும் குறைந்த செலவில் சரியாகும். பேரம் பேச இதைவிட நல்ல காரணம் கிடையாது. கடைசியாக, எர்த் பின்னை விட்டுவிட்டு, அதே இரண்டு பின்களுக்கும் உலோக உடலுக்கும் இடையே பாருங்கள். அங்கே தொடர்பு காட்டினால் அது ஷாக் அடிக்கும் மெஷின், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கருவியில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு தவறு. 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது அமெரிக்கா போன்ற நாடுகளுக்குச் செய்த பொருள். நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்தான், ஆனால் வாட்டேஜ் கூடக்கூட அதன் விலை கருவியின் விலையைத் தாண்டிவிடும். பேட்டரி டிரில்லைப் பேட்டரி இல்லாமல் வாங்குவதும் இதே ரகம்.

18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்கள் தனியாகவும், பவர் பேங்குக்குள்ளும் குவியலாகக் கிடைக்கும். மேலே 9900 எம்.ஏ.எச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிப் பொருளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். கையில் தூக்கினால் தெரியும்: நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், போலி லேசாக இருக்கும். 2 டி.பி. பென் டிரைவ் 200 ரூபாய் என்பதும் இதே வித்தைதான். உள்ளே சின்ன சிப்தான். கொள்ளளவைக் கூட்டிக் காட்டும்படி அதை இயக்கும் மென்பொருளை (ஃபர்ம்வேரை) மாற்றியிருப்பார்கள். சிப் நிரம்பியதும் நீங்கள் போட்ட படங்கள் சத்தமில்லாமல் அழியும்.

பழைய போன் வாங்குமுன் *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் கே ஒய் எம் என்று தட்டி, ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போனா என்று பதில் வரும். போன் உயிரோடு இல்லை, எண்ணைப் பார்க்க முடியவில்லை என்றால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். "சந்தையில் வாங்கினேன்" என்பது மட்டும் கைகொடுக்காது.

கேமரா

அலமாரி அழகுக்கு வாங்குவதானால் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். படம் எடுக்க என்றால், முதலில் அதற்கு ஃபிலிம் கிடைக்குமா என்று பாருங்கள். 35 மி.மீ., 120 என்ற இரண்டு அளவு ஃபிலிம்களும் இன்றும் கிடைக்கின்றன. அதனால் அக்ஃபா கிளிக் 3 போன்ற 120 பெட்டிக் கேமராக்களில் இன்னும் படம் எடுக்கலாம். 620, 127 அளவுகள் கேட்கும் பழைய கோடாக்குகளுக்கு ஃபிலிம் தேடியே சலித்துப்போவீர்கள்.

லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடியிருந்தால் பூஞ்சை; சென்னை ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் இருந்த கேமராக்களில் இது சகஜம். ஓரத்தில் லேசாக இருந்தால் படத்தைக் கெடுக்காது, நடுவில் அடர்த்தியாக இருந்தால் வேண்டாம். ஷட்டரை எல்லா வேகத்திலும் அடித்துப் பாருங்கள். 1/500-இல் சரியாக ஓடுவது 1 செகண்டில் மாட்டிக்கொள்ளும், எண்ணெய் இறுகிவிட்டது என்று அர்த்தம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாததற்கு மட்டும் கவலைப்படாதீர்கள். யாஷிகா எலெக்ட்ரோ 35-க்குப் போட்ட பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரில் போட்டு ஓட்டுகிறார்கள்.

"ஆன்ட்டிக்" என்ற பெயரில்

சந்தையில் அதிகம் பொய் சொல்லும் சாமான் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன். போர்ட்டபிள் பெட்டியிலிருந்து கழற்றிய மோட்டார், புது மரப்பெட்டி, பளபளக்கும் மெல்லிய பித்தளைக் குழல், மேலே எச்.எம்.வி. நாய். இவற்றைச் சேர்த்து "பிரிட்டிஷ் காலத்துது" என்பார்கள். அடிப்பக்கத்தைப் பாருங்கள். எண்கோணப் பெட்டி, குழலுக்குக் கீழே தடித்த வளைவுக் குழாய், பிளஸ் தலை ஸ்க்ரூ மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பித்தளை திசைகாட்டி, தொலைநோக்கிகளும் இப்படித்தான். "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன் 1917" என்று பொறித்தவை ஏராளமாகச் சுற்றுகின்றன. அந்தக் கம்பெனி உருவானதே 1947-இல்.

நாணயத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும், மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருந்தால் அது பிற்காலத்தில் அச்சடித்த டோக்கன். கம்பெனி சென்னையில் அடித்த வராகனில் சாமி உருவம் உண்டுதான், ஆனால் அது சுண்டுவிரல் நகத்தளவுத் தங்கக்காசு. இந்த டோக்கன்களைக் காட்டி "அரிசியை இழுக்கும்" என்று லட்சக்கணக்கில் ஏமாற்றிய கும்பல்கள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. விக்டோரியா வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம் எடை இருக்க வேண்டும். சின்ன டிஜிட்டல் தராசு கொண்டுபோங்கள். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், 9 கிராம் காட்டினால் போலி.

கோயில் சிலை, பழைய செப்பு விக்கிரகம், ஓலைச்சுவடி எதையும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் 100 ஆண்டு தாண்டிய சிலையும் 75 ஆண்டு தாண்டிய கையெழுத்துப் படியும் வரும். கூண்டில் விற்கும் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை இரண்டும் வன உயிரினச் சட்டத்தில் வருபவை. அடைத்து வைத்திருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்கினாலும் குற்றம் குற்றம்தான்.

பாத்திரம், மரச்சாமான்

காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, இரும்பின் மேல் பூசியது. ஒட்டாததாலேயே நல்ல பித்தளை என்றும் ஆகாது. சமைக்க வாங்கினால் உள்ளே ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயப் பூச்சு, போட்டாக வேண்டும். அதைச் செய்பவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரசத்துக்கான ஈயச் சொம்பைச் சந்தையில் வாங்கவே கூடாது. அது வெள்ளீயத்தில் செய்வது. அதில் நச்சான காரீயம் கலந்திருந்தால் புளி ரசத்தோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். எடையைக் கிராமில் பாருங்கள். விளிம்பு வரை நிறைந்த பாத்திரத்தில் சொம்பை முழுக அமிழ்த்தி, வழியும் நீரை மில்லியில் அளந்துகொள்ளுங்கள். எடையை நீரால் வகுத்தால் சுத்த வெள்ளீயத்துக்கு 7.3 வரும். 8-ஐத் தாண்டினால் அடுப்பில் வைக்காதீர்கள். கொஞ்சம் கலந்திருந்தால் இந்தக் கணக்கில் தெரியாது, ஆகவே 7.3 வந்தாலும் சமைக்கலாம் என்று ஆகாது.

வார்ப்பிரும்பு தோசைக்கல்லில் துரு பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போகும். விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் விரிசல். சமதரையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரமாய்ச் சுற்றினால் அடி வளைந்திருக்கிறது. பீங்கான் ஜாடிக்கும் இதே தட்டல்தான். கல்சட்டியில் எம்-சீல் வைத்து அடைத்த தழும்பு இருக்கிறதா என்று உட்புறம் தடவிப் பாருங்கள்.

மரச்சாமானில் துளைகளுக்குக் கீழே புது மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பேரம் பேசுமுன் வீட்டு வாசலின் அகலமும் குட்டியானை வண்டி வாடகையும் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சு வைத்த சோபா, மெத்தை வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் அதை விரட்டும் செலவு புது சோபாவுக்கு ஆகும்.

வீட்டுக்கு வந்ததும்

வாங்கி வந்ததை நேரே உள்ளே கொண்டுபோகாமல் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வையுங்கள். புத்தகங்களைப் பிரித்துப் பூச்சி பாருங்கள், துணியைக் கொதிநீரில் போடுங்கள்.

மின்பொருளை நேராக பிளக்கில் செருகாதீர்கள். வாங்கிய பொருள் போனால் போகட்டும், வீட்டு ஒயரிங் போகக் கூடாது. எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள்: லைன் ஒயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பு ஒன்று, அதற்குப் பிறகு சாக்கெட். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பொருளைச் செருகி சுவிட்ச் போட்டதும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி அதிக வாட்டேஜ் பொருள்கள் நன்றாக இருந்தாலும் பல்பைப் பிரகாசமாகவே எரிய வைக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வால்வு ரேடியோ வாங்கியவர்கள் சீரிஸ் லேம்பில் நன்றாக இருந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் பழைய பேப்பர், எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றாமல் ஓட்டினால் பவர் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். அதற்கு மாற்று கிடைப்பது ரேடியோ கிடைப்பதைவிடக் கஷ்டம்.