பெர்மிட்டைப் பார்க்காமல் பங்கு பிரிக்காதீர்கள்

கடந்த மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், காணிப் பிணக்கொன்றைப் பேசித் தீர்க்க இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக இருந்து பார்த்தேன். எல்லோரையும் பேசவிட்டார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். காணிக்குச் சொந்தக்காரரான வயோதிபத் தகப்பன் திண்ணையில் சாய்ந்திருந்தார். இரண்டு மணித்தியாலத்தில் காணி மூன்றாகப் பிரிந்தது. அதுவரை ஒருவர்கூடப் பத்திரத்தைக் கேட்கவில்லை. தொடக்க காலத்தில் நான் செய்த அதே பிழை. காணிப் பிணக்கில் இணக்கம் பேசப் போகிறவர்கள் செய்யும் இப்படியான பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன். பக்கம் சாயாதே, கோபப்படாதே என்பவை எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் காணி என்று பாராமல் பேசத் தொடங்குவது

வன்னியில் எல்லாமே தனியாருக்கு உறுதிப்பத்திரத்தோடு சொந்தமான உறுதிக் காணி அல்ல. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களை ஒட்டிய குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில், அதாவது அனுமதிப்பத்திரத்தில், கொடுக்கப்பட்ட அரச காணிகள் ஏராளம். அவற்றை நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பெர்மிட்காரர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவர் அனுபவிக்கலாம். அதன் பின் காணி, இறந்தவர் பதிந்துவைத்த பின்னுரித்தாளருக்குப் போகும்.

நான் முதன்முதலில் இணக்கம் பேசிய குடும்பத்தில் தாய், இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள். தகப்பன் இறந்துவிட்டார். மூன்று ஏக்கர் மேட்டுக்காணி. “அவருடைய காணி இப்போது என்னுடையதுதானே தம்பி, ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துவிடுங்கள்” என்றார் தாய். நானே கயிறு பிடித்து அளந்தேன். ஒரு தாளில் எழுதி நால்வரிடமும் கையொப்பம் வாங்கினேன். எல்லையில் கிளுவைக் கதியால் நட்டார்கள். மகள் காப்பை விற்றுத் தன் பங்கில் கிணறு வெட்டினாள், தென்னம்பிள்ளைகள் வைத்தாள்.

நான்கு வருடத்தில் தாய் இறந்தார். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அந்தக் காணியின் கோவையைத் திறந்தபோது பின்னுரித்தாளராக இளைய மகனின் பெயர் மட்டும் இருந்தது. பெர்மிட்காரரின் மனைவி என்ற வகையில் அந்தத் தாய்க்குக் காணியைக் கைமாற்றவும் முடியாது, வேறொருவரைப் பின்னுரித்தாளராக நியமிக்கவும் முடியாது. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எழுதிய தாளை உத்தியோகத்தர் வாசித்துவிட்டு மேசையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தார். அடுத்த முறை போனபோது, வேர்பிடித்துத் துளிர்த்திருந்த கதியால்கள் பிடுங்கப்பட்டு வரிசையாகக் கிடந்தன. தான் வெட்டிய கிணற்றில் தண்ணீர் அள்ள அந்தப் பெண் தம்பியின் மனைவியிடம் கேட்க வேண்டியதாயிற்று. சண்டையே இல்லாதிருந்த வீட்டுக்குச் சண்டையை நான்தான் கொண்டுபோனேன். இன்றும் அந்த வீதியால் போகும்போது மனம் கொதிக்கிறது.

ஆகவே முதல் கேள்வி “பத்திரம் எங்கே?” என்பதாக இருக்கட்டும். 2009 இடப்பெயர்வில் தொலைந்தது என்பார்கள்; பலருக்கு அது உண்மை. அப்படியானால் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கோவையைப் பாருங்கள். பெர்மிட்காரர் உயிரோடிருந்தால் பின்னுரித்தாளர் நியமனத்தை அவரால் மாற்ற முடியும். அந்த வாசல் அவர் மூச்சோடு மூடிவிடும். காணியைப் பிரிக்க வழியில்லை என்றால் கிணற்றுக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் பெறுமதி போட்டு, காணி பெறுபவர் மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுப்பது பற்றிப் பேசுங்கள்.

“பத்து வருடம் இருந்துவிட்டேன்”

இவ்வளவு காலம் இருந்ததால் காணி எனக்கே சொந்தம் என்ற இந்த வாதம் அரச காணிக்கு எதிராக நிற்காது. தனியார் காணியில் நிற்கலாம். அங்கேதான் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் அடிபட்டார்கள். போரால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்கள் வழக்குத் தொடர 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. அது முடிந்துவிட்டது. இப்போது திரும்பி வருபவருக்குப் பேச்சுவார்த்தை இன்னும் முக்கியம். குடியிருப்பவர் வைத்த மரங்களையும் கணக்கில் எடுத்துப் பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சம்மதம்

போதாது. தனக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வரட்டும்.

உறுதிக் காணிக்கு வெள்ளைத்தாள்

1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தெளிவு: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. இணக்கம் வந்த சூட்டோடு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். “பனையிலிருந்து கிணறு வரை” என்று எழுதாதீர்கள். பனை விழும்.

மத்தியஸ்த சபையிடம் தீர்ப்புக் கேட்பது

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாது. இணங்காவிட்டால் சான்றிதழ் தரும். அதோடு நீதிமன்றம் போகலாம்.

அந்த இளைஞர்களிடம் அன்று மாலையே பேசினேன். திங்கட்கிழமை காணிக் கிளைக்குப் போனார்கள். பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாக இருந்ததாம். இந்த வாரம் திண்ணையிலிருந்த அந்தத் தகப்பனையும் பிள்ளைகள் மூவரையும் அங்கே கூட்டிப்போகிறார்கள்.