ஓபியாய்டு மருந்தால் குழந்தைக்கு மலச்சிக்கல்: எங்கே தவறு நடக்கிறது?

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளையில் வலியை அடக்குவதோடு நிற்பதில்லை. குடல் சுவரின் நரம்புகளிலும் வேலை செய்கின்றன. குடல் அசைவு மந்தமாகி, மலம் நெடுநேரம் தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் அப்படிப் பழகுவதில்லை. தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதே முதல் தவறு. ஓபியாய்டு சில நாள் தொடரும் என்றால், மலமிளக்கியையும் அன்றே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது, பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது. ஓபியாய்டு குடலில் செய்யும் வேலையைத் தடுக்கும் மாத்திரைகளான நலோக்செகால், நால்டெமிடின் இரண்டையும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதிதான் முக்கியமாகச் சிதைக்கிறது. பிறந்த குழந்தையிடம் இந்த நொதி மிகக் குறைவு. முதல் ஆண்டில் படிப்படியாக ஏறும். அதன்பின் நிலைமை தலைகீழாகலாம்: எடைக்கு எடை பார்த்தால், இந்த நொதி சிதைக்கும் பல மருந்துகளைச் சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக வெளியேற்றுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் மெதில்நால்ட்ரெக்ஸோன் ஊசி மருந்து கணிசமாகச் சிறுநீரகம் வழியே போகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் முதிர்வதற்கும் ஏறக்குறைய ஒரு வயதாகும். ஆக, எடையை மட்டும் வைத்து அளவைச் சுருக்கினால் கணக்கு தப்பும். இவை பெரியவர்களுக்காக வந்த மருந்துகள். குழந்தைக்குத் தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாலிஎத்திலீன் கிளைகால், லாக்டுலோஸ் என்ற மலமிளக்கிகள் இரண்டும் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும்; குடலுக்குள் நீரை இருத்தி மலத்தை இளக்கும். கல்லீரல் முதிர்ச்சி இங்கே பெரிய தடையாகாது என்பதால்தான் இவற்றுக்கு முன்னுரிமை. பாலிஎத்திலீன் கிளைகாலின் வழக்கமான அளவு நாளுக்குக் கிலோவுக்கு 0.4 முதல் 1 கிராம். 15 கிலோ பிள்ளைக்கு 6 முதல் 15 கிராம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும். பொடியை, சொன்ன அளவு நீர் முழுவதிலும் கரைக்க வேண்டும். பிள்ளை குடிக்க மாட்டேன் என்கிறது என்று நீரைக் குறைத்தால் மருந்தின் பலன் குறையும். லாக்டுலோஸ் பலன் காட்ட ஒன்றிரண்டு நாளாகும். மறுநாளே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

சென்னா என்ற மலமிளக்கியைப் பெருங்குடல் பாக்டீரியாதான் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். எனவே இரவில் கொடுப்பது வசதி. டயப்பர் கட்டும் குழந்தையாக இருந்தால், மலம் தோலில் நெடுநேரம் பட்டுக் கொப்புளம் வரக்கூடும். மலம் போனதும் டயப்பரை மாற்றிவிடுங்கள்.

இசப்கோல் போன்ற நார்ப்பொடி இங்கே உதவாது. அசையாத குடலில் அது ஊறிப் பருத்து அடைப்பை மோசமாக்கலாம்.

அடிக்கடி ஏமாற்றுவது ஒன்று உண்டு. பல நாள் அடைத்திருந்த பிள்ளைக்குத் திடீரெனத் தண்ணீர் போலக் கசியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுகிறார்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் கசிவாகவும் அது இருக்கலாம்; மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

ஆசனவாய் வழியே செலுத்தும் பாஸ்பேட் எனிமாவை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். 2 வயதுக்குள் அது இரத்தத்தில் பாஸ்பேட்டை ஆபத்தாக ஏற்றி, கால்சியத்தை இறக்கிவிடும். புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்கு, எந்த வயதானாலும், ஆசனவாய் வழியே எதையும் செலுத்தக் கூடாது.

மலச்சிக்கலுக்குப் பயந்து ஓபியாய்டைச் சட்டென நிறுத்துவதும் வேண்டாம். வலி திரும்பும், பல நாள் எடுத்த உடல் நடுக்கமும் வியர்வையும் காட்டும். வயிறு வீங்கி இறுகினாலோ, பச்சையாக வாந்தி வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அடுத்த வேளை மலமிளக்கியைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.