கையுறையைக் கழற்றிய பிறகு: தோட்டத்துக் கோல் கீப்பர் பயிற்றுநர் ஆவது எப்படி

தோட்டத்துக் காற்பந்து அணிக்குப் பல வருடம் கோல் காத்தவரைத் தேடி முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒரு வேலை தானாக வரும்: "அண்ணே, இந்தப் பசங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுங்களேன்." மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான் ஒருவர் பயிற்றுநர் ஆகிறார். தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கோல் காத்த அனுபவத்தை மட்டும் நம்பித் திடலில் இறங்கினால் சீக்கிரமே சரக்குத் தீர்ந்துவிடும். கீப்பர் ஆட்டத்தை ஒரே பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர். மற்றப் பக்கத்தையும் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் ருமேனியாவின் ரஸ்வான் லூச்செஸ்கு. 1969இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். அப்பா மிர்ச்சா லூச்செஸ்கு 1970 உலகக் கிண்ணத்தில் ருமேனிய அணியின் கேப்டன், பின்னாளில் பேர்போன பயிற்றுநர். மகன் கோல் கீப்பராக ஆடினார். நட்சத்திரம் என்று யாரும் சொன்னதில்லை. பேர் கிடைத்தது பயிற்றுநரான பிறகுதான். ராப்பிட் புக்கரெஸ்ட் அணியை 2005-06 யூஃபா கிண்ணத்தில் காலிறுதிவரை கொண்டுபோனார். அங்கே இன்னொரு புக்கரெஸ்ட் அணியான ஸ்டேவாவுடன் 1-1, 0-0 என்று இரண்டு ஆட்டமும் சமநிலை. வெளித்திடலில் அடித்த கோல் கணக்கில் ஆட்டம் கைவிட்டுப் போனது. 2006, 2007 இரண்டு வருடமும் ருமேனியக் கிண்ணம் ராப்பிடுக்கு. இவ்வளவுக்கும் பிறகு அவர் போய்ச் சேர்ந்தது இரண்டாம் பிரிவில் இருந்த பிரஷோவுக்கு! அந்த அணியை 2008இல் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு, 2009இல் தேசிய அணிப் பொறுப்பை எடுத்தார். பிறகு கத்தார், அடுத்து கிரேக்கத்தின் சாந்தி அணி, அதன்பின் அங்கேயே பாவோக் அணி. பாவோக்கின் 2018-19 லீக் கணக்கு: 30 ஆட்டம், 26 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை. அடுத்து சவூதி அரேபியாவின் அல் ஹிலாலுக்குப் போனார். அதே 2019 நவம்பரில் அந்த அணிக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக். இறுதியில் ஜப்பானின் உராவா ரெட்ஸை ரியாத்தில் 1-0, சைத்தாமாவில் 2-0 என்று வென்றார்கள். மறுபடி பாவோக்குக்கு வந்து 2023-24 லீக்கையும் எடுத்தார்.

பிரஷோவ் போன அந்த முடிவு நம் ஆளுக்கு நல்ல வழிகாட்டி. முதல் வருடமே மாவட்ட லீக் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஆக ஆசைப்படவேண்டாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், இல்லாவிட்டால் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட குழு, அதிலும் முதலில் கீப்பர்கள் மட்டும். இரண்டு மூன்று கீப்பர்களை உருப்படியாக வளர்த்துக் காட்டினால் மீதி அணி தானே கைக்கு வரும்.

இடமும் நேரமும்

காலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டப் போகிறவர்களும் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடக்கூடிய நேரம் மாலை 5.30. ஏழேகால் வாக்கில் வெளிச்சம் போய்விடும். ஆக, கையில் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு மணி மழை நம் ஊர்ப் பழக்கம். மழை விட்டாலும் இடி கேட்டால் திடலை விட்டு வெளியேறுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே திரும்ப இறங்கலாம். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டோ ஒற்றை மரத்தடியிலோ நிற்க விடாதீர்கள்.

கோல் வாய்தான் திடலிலேயே மோசமான இடம். புல் தேய்ந்து குழியாகி, மழைக்குக் குட்டைபோல் நிற்கும். அதில் கிராவல் கொட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு கிடையாது: முதல் டைவிலேயே முழங்கையும் இடுப்பும் கிழியும். ஆற்று மணலைப் போட்டு மட்டப்படுத்தினால் போதும். டைவ் பயிற்சியை எப்போதும் புல் உள்ள ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓரத்தில் அண்மையில் களைக்கொல்லி அடித்தார்களா என்று தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. தேங்கிய தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். சிராய்ப்பு இருக்கும் பையனைக் குட்டையில் விழவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் புண்ணைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் "குட்டைத் தண்ணீரில் விளையாடினேன்" என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

நகர்த்தும் இரும்புக் கோலாக இருந்தால் பின்சட்டத்தில் ஆளுக்கொரு மணல் மூட்டை என்று நான்கு மூட்டையாவது போடுங்கள். சிறுவர்கள் மேல்கம்பியில் தொங்கி, கோல் முன்னால் சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

கையுறை

உள்ளங்கையில் இருப்பது லேட்டெக்ஸ், நம் பால்மரத்து (ரப்பர் மரத்து) சரக்குதான். ஆட்டத்துக்கு முன் லேசாக ஈரப்படுத்தினால் பந்து ஒட்டும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சேற்றை அலசி, பிழியாமல் அழுத்தி, நிழலில் காயவையுங்கள். கொடியில் வெயிலில் போட்டாலோ மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஈரத்தோடு விட்டாலோ ஒரு மாதத்தில் வெடித்து உதிரும். பயிற்சிக்குப் பழைய ஜோடி, ஆட்டத்துக்குப் புதிய ஜோடி.

முதல் மாதம் என்ன சொல்லிக் கொடுப்பது

கீப்பராக இருந்து பயிற்றுநர் ஆனவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று: பன்னிரண்டு மீட்டரிலிருந்து பலம்கொண்டமட்டும் பந்தை உதைத்துவிட்டு "பிடி!" என்று கத்துவது. அதில் பையன் கற்பது கண்ணை மூடிக்கொள்வதைத்தான். முதல் இரண்டு வாரம் காலால் உதைக்கவே வேண்டாம். மூன்று நான்கு மீட்டரிலிருந்து கையால் உருட்டுங்கள், எறியுங்கள்.

டைவ் பயிற்சியை உட்கார்ந்த நிலையில் தொடங்குங்கள். பிறகு முழங்காலில், அடுத்து குந்திய நிலையில், கடைசியாக நின்று. ஒவ்வொரு நிலையிலும் வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஆறு. தரையில் படும் வரிசை கெண்டைக்கால் ஓரம், தொடை, இடுப்பு, தோள். முழங்கையோ வயிறோ முதலில் பட்டால் ஒரு நிலை பின்னால் போய் மறுபடி செய்யவேண்டியதுதான். பந்தை ஒரு கை பின்னாலிருந்தும் ஒரு கை மேலிருந்தும் பிடிக்க, தரை மூன்றாவது கையாக நிற்கும். பந்து கையில் பட்டும் கோலுக்குள் போகிறது என்றால் கையைக் குறை சொல்லாமல் காலைப் பாருங்கள். எடுத்துவைத்த முதல் அடி பக்கவாட்டிலோ பின்னாலோ போயிருக்கும். பந்துப் பக்கத்துக் காலைச் சாய்வாக முன்னால் வைக்கச் சொன்னால் அதே பந்து வெளியே தட்டப்படும்.

ஒரு சுற்றுக்கு ஆறு பந்து, அதற்குமேல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வினாடி வேலைக்கு முக்கால் நிமிடம் ஓய்வு. இரண்டு கீப்பர் இருந்தால் மாறி மாறிச் செய்வதே ஓய்வாகிவிடும். மூச்சிரைக்க இரைக்க இருபது பந்து எறிந்தால் கடைசிப் பதினான்கிலும் தப்பான முறைதான் உடம்பில் பதியும்.

நிற்கும் இடத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு கயிறு போதும். 35 மீட்டர் நைலான் கயிற்றின் இரு முனைகளையும் இரு கோல் கம்பங்களின் அடியில் கட்டுங்கள். நடுப்பகுதியை, பந்து இருக்கும் இடத்தில், அதாவது கோலுக்கு நேரே 16 மீட்டர் தூரத்தில், ஒரு ஆணியில் மாட்டுங்கள். இப்போது கயிறு ஒரு முக்கோணம். பையன் கோல் கோட்டில் நின்றால் இரு பக்கமும் 3.66 மீட்டர் காலி. நான்கு மீட்டர் முன்னால் வந்தால் அதே இடைவெளி ஏறக்குறைய 2.75. ஆறு மீட்டர் வந்தால் 2.3. வாயால் நூறு தடவை "முன்னால வா" என்று சொன்னாலும் ஏறாதது, கயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் ஏறும். அடுத்து ஆணியைப் பிடுங்கிப் பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கோலுக்கு நடுவிலேயே நிற்கும் பையனுக்குப் பக்கத்துக் கம்பத்தின் ஓரம் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று அப்போது தெரியும். முன்னால் வரப் பழகியவன் அளவு தாண்டி வருவான். ஆகவே ஐந்தில் ஒரு பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுங்கள். அந்தக் காலத்துத் தேசியக் கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தின் நீண்ட கைகளைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். கை குட்டையான பையனுக்கு இந்தக் கயிறுதான் துணை.

பெனால்டிக்கு அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை, வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். பையன்கள் கேட்டால் ஹெல்முத் டுக்கடாம் கதையைச் சொல்லுங்கள்: 1986 மே 7, செவில்லியில் ஐரோப்பியக் கிண்ண இறுதி, ஸ்டேவாவுக்காக பார்சலோனாவின் நான்கு பெனால்டிகளையும் வரிசையாகத் தடுத்தார். முதல் மூன்றுக்கும் வலப்பக்கம் பாய்ந்தவர் நான்காவதுக்கு இடப்பக்கம் போனார். சொல்லிவிட்டு விதியையும் சொல்லுங்கள்: பந்து உதைபடும்போது ஒரு காலின் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேல், அல்லது அதற்கு நேராக, அல்லது பின்னால் இருக்கவேண்டும். முன்கூட்டியே தாவி வந்து தடுத்தால் மறுபடி உதைக்க வைப்பார்கள்.

கையில் பந்தை வைத்திருக்கும் விதியும் மாறிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து எட்டு வினாடிக்கு மேல் போனால் எதிரணிக்குக் கார்னர். நடுவர் கடைசி ஐந்து வினாடியைக் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். பழைய கீப்பர்களின் கைப்பழக்கம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்: பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்து மூச்சு வாங்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கோலை விட்டு வெளியே வருவது

ஆறு மாதம் கழித்து முழு அணியும் கைக்கு வரும்போதுதான் கஷ்டம் ஆரம்பம். பழக்கதோஷத்தில் கால் தானாகக் கோலுக்குப் பின்னால் போய் நிற்கும். அங்கே நின்றால் தற்காப்பு வரிசை மட்டும்தான் தெரியும். நடுத்திடலில் பந்து எப்படி வருகிறது, தாக்குதலாளன் ஏன் தனியாகத் தவிக்கிறான் என்பது பிடிபடாது. ஒரு மாதத்துக்காவது நடுக்கோட்டுப் பக்கத்தில் நின்று ஆட்டம் பாருங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தில் நாலு பேருக்கு எதிராக ரெண்டு பேர் விளையாட்டை வையுங்கள், கீப்பரையும் நாலு பேரில் ஒருவனாகச் சேருங்கள். சக ஆட்டக்காரன் காலால் தரும் பந்தைக் கையால் எடுக்க 1992இலேயே தடை வந்துவிட்டது. காலில் பந்து தங்காத கீப்பர் இன்று அணிக்குச் சுமை.

ஒரு நோட்டில் வாங்கிய கோல்களை எழுதுங்கள். நான்கே கட்டம்: எங்கிருந்து வந்தது, கீப்பர் எங்கே நின்றான், என்ன முடிவெடுத்தான், பந்து எப்படி நழுவியது. கூடவே ஐந்தாவதாக, அந்தப் பந்து நம் அணியிடமிருந்து எங்கே பறிபோனது என்றும் குறியுங்கள். பத்துக் கோல் சேர்ந்ததும் பாருங்கள். ஐந்தாவது கட்டத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால், கீப்பரைத் திட்டிப் புண்ணியமில்லை.

கீப்பரின் கூவல்களைக் குறைத்து முறைப்படுத்துவதும் உங்கள் வேலைதான். "கீப்பர்!" என்றால் நான் எடுக்கிறேன்; "வெளிய!" என்றால் நீ தட்டு, "பின்னால ஆள்!" என்றால் திரும்பாதே. மூன்று போதும். மலாய்க்கார, சீனப் பையன்களும் அணியில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து மூன்று சொல்லை முடிவு பண்ணுங்கள்.

சான்றிதழ்

திடலில் கை ஓடத் தொடங்கியதும் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். டி, சி, பி, ஏ, புரோ என்று உரிமப் படிகள் போகும். கீப்பர் பயிற்றுநருக்கென்று ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு தனியாக மூன்று நிலைப் படிப்பு வைத்திருக்கிறது. தேதியும் கட்டணமும் மாநிலக் காற்பந்துச் சங்கத்தில் கேட்டால் தெரியும். சீட்டு சீக்கிரம் நிரம்பும், ஆகவே முன்கூட்டியே விசாரியுங்கள். பயிற்சித் திட்டத்தை மலாயில் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பழகிக்கொண்டு போனால் வகுப்பில் திணறவேண்டாம்: நோக்கம், இட அளவு, ஆள் எண்ணிக்கை, நேரம், சொல்லப்போகும் மூன்று குறிப்புகள்.

ஆட்டத்துக்கு முந்தின இரவு

தோட்டத்து அணிகள் தோற்பதற்கு ஆட்டத்தைவிட ஆள் பற்றாக்குறை பெரிய காரணம். ஒருவனுக்கு ஆலையில் இரவு ஷிஃப்ட், இன்னொருவன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருப்பான். பெரிய அணிகளுக்கும் இது நேரும். 2020 செப்டம்பரில் கத்தாரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில், கோவிட் பரவி லூச்செஸ்குவின் அல் ஹிலாலிடம் மிஞ்சியது 11 பேர். குறைந்தது 13 பேர் வேண்டும் என்பது விதி. நடப்பு வெற்றியாளர் என்றும் பார்க்காமல் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் பெயர் கேளுங்கள். "வரேன்" என்று சொன்னவர்களை மட்டும் எண்ணுங்கள். கட்டைவிரல் படம் போட்டவனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதினைந்துக்குக் கீழே போனால் அன்றிரவே வேறு ஆள் தேடவேண்டும். பட்டியலில் இரண்டாவது கீப்பர் இல்லையென்றால், அவசரத்துக்குக் கோலில் நிற்கப்போவது எந்த ஆட்டக்காரன் என்று முன்பே முடிவு செய்து, இரு அணிகளின் நிறத்திலும் சேராத ஒரு சட்டையில் அவன் எண்ணை ஒட்டிப் பையில் போட்டுவையுங்கள்.