மலையில் மழைத்தோட்டம்: எங்கே வெட்டலாம், எங்கே கூடாது

மழைத்தோட்டம் என்பது கூரை நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட ஆழமில்லாப் பள்ளம். நீலகிரியில் அதைப் போடுமுன் சரிவைப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால் மண் கனத்து, பிடிமானம் தளர்ந்து நழுவும். 2009 நவம்பர் மழையில் எத்தனை சரிவுகள் இறங்கின என்பது ஊருக்கே தெரியும். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் இறங்கும் நிலம், தடுப்புச் சுவரின் மேல்பக்கம், மண் வெட்டிய மேட்டின் விளிம்பு மூன்றும் வேண்டாம். அஸ்திவாரத்துக்கு 10 அடியாவது தள்ளியிருக்கட்டும். இயற்கையாகவே ஈரம் நிற்கும் சதுப்பையும் தொடாதீர்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை அது ஏற்கெனவே செய்கிறது.

இடம் கிடைத்தால் ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு அரை அங்குலமாவது இறங்காவிட்டால் வேறு இடம் தேடுவதே நல்லது.

500 சதுர அடிக் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,150 லிட்டர் வரும். 100 சதுர அடிப் பரப்பில் அரை அடி ஆழப் பள்ளம் சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும், அதுவே போதும். அடியில் இன்னும் ஓரடி தோண்டி, மணல் 5 பங்கு, மேல்மண் 3, மக்கிய உரம் 2 கலந்து நிரப்புங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் அதன் சத்து கரைந்து ஓடைக்குத்தான் போகும். பள்ளத்தின் தரையை டியூப் லெவல் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துச் சமன் செய்யுங்கள். சரிந்தால் ஒரு மூலையில் மட்டும் நீர் தேங்கும். கீழ்ப்பக்கக் கரையை இறுக்கி, அதைவிட இரண்டு அங்குலம் தாழ்வாக, மிகுந்த நீர் வெளியேற ஒரு வழிவாய் விட்டு, கல் பாவி, பழைய வடிகாலோடு சேர்க்க வேண்டும். இது இல்லாத தோட்டம் முதல் பெருமழையிலேயே கரை உடையும்.

சாலை நீரும் கேரட் தோட்டத்து நீரும் வண்டலோடு வரும். அவற்றை நேராக விடாமல், முன்னால் கல் நிரப்பிய ஒன்றரை அடிக் குழியில் தங்கவிட்டு அனுப்புங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் வெட்டி, மே மாதக் கோடை மழையில் நட்டால் ஜூனுக்குள் வேர் பிடிக்கும். பள்ளத்தின் தரையில் கோரையும் வசம்பும், அதன் ஓரச் சரிவில் பெரணியும், ஈரம் தேங்காத கரையில் குறிஞ்சியும் வைக்கலாம். காலா லில்லி அழகுதான், ஆனால் ஓடையோரமெல்லாம் பரவிவிடும். உண்ணிச்செடியும் கிக்குயு புல்லும் அப்படியே.

இரண்டு நாளுக்கு மேல் நீர் நின்றால் கொசு வரும். பெரும்பாலும் மேலே வண்டல் படிந்திருக்கும், அல்லது யாரோ மிதித்து மண் இறுகியிருக்கும். மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துக் கிளறினால் சரியாகும். அண்டை வீட்டார் யாராவது குளியலறைக் குழாயையும் இதில் சேர்த்துவிட்டால் அன்றே பிரித்துவிடச் சொல்லுங்கள். சோப்பு நீருக்கான இடமில்லை இது.